கைப்பிடி இல்லாத குழாய்

அழகாகத்தான் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. கறுப்பு, ஆனால் பளபளக்காத கறுப்பு, சிலேட்டை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் வருமே அந்தக் கறுப்பு. கீழேயிருந்து நேராக எழும்பி, ஒரே ஒரு இடத்தில் வளைந்து, அப்படியே முடிந்துவிடுகிறது. குமிழ் கிடையாது, திருகு கிடையாது, எங்கேயும் ஒரு எழுத்தோ கோடோ கிடையாது. குழாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். போன வருஷம் இதைப் பார்த்திருந்தால்கூட கடையில் விற்பனை பார்க்கிற இந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இதுதான், எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த சாமானுக்கு நகர்ந்திருப்பேன். இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறேன். இதை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரியாததுகூடப் பெரிதில்லை. முதல் தடவை பார்க்கிற யாருக்குமே தெரியாதா, இல்லை எனக்கு மட்டும்தான் தெரியவில்லையா, அதுதான் தெரியவில்லை. தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தொடுவதற்குத்தான் பயமாக இருக்கிறது. பக்கத்தில் அந்தப் பெண் நிற்கிறாள், சட்டையில் ஸ்டெல்லா என்று பெயர் குத்தியிருக்கிறாள், நாற்பது வயதிருக்கும், பொறுமையான முகம். "இது இப்ப ரொம்ப மூவிங் மேடம். எல்லாரும் இதைத்தான் கேட்கறாங்க" என்கிறாள். எல்லாரும் கேட்கிறார்கள் என்றால் எல்லாரும் திறக்கிறார்கள். "ம், நல்ல லைன்" என்று அந்த வளைவைக் காட்டிச் சொல்லிவைக்கிறேன். நல்ல லைன் என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது. இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டே இன்றைய பொழுதை ஓட்டிவிடலாம் என்று தோன்றுகிறது.

சரவணம்பட்டியில் வாங்கியிருக்கிற ஃப்ளாட்டுக்கு வேண்டியதை எல்லாம் இன்று முடிவு பண்ணியாக வேண்டும். குழாய், சுவிட்ச், அடுப்பு, அடுக்களை அலமாரிக் கதவு, எல்லாமே. திங்கட்கிழமை கான்ட்ராக்டர் ஆள்களோடு வந்துவிடுவார். பெங்களூரில் இருக்கிற மகள் சுகன்யா, "அம்மா, உன் இஷ்டம், நீ செலக்ட் பண்ணினா நான் கண்ணை மூடிட்டு ஓகே சொல்லுவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். யார்தான் அப்படிச் சொல்லவில்லை. பீளமேட்டில் எங்கள் தெருவில் யார் வீட்டில் பெயின்ட் அடித்தாலும், யார் திரைச்சீலை மாற்றினாலும், மனோரஞ்சிதம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்பார்கள். எல்லார் வீட்டிலும் ரோஜாப்பூப் போட்ட தட்டு இருந்த காலத்தில் நான் பூவே இல்லாத வெள்ளைத் தட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரித் தட்டு மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள், அப்புறம் எங்கே வாங்கினாய் என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொருத்தராக வந்தார்கள். மில் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தபோது என் சம்பளத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினேன், எண்களே இல்லாத கடிகாரம். வெள்ளை வட்டம், இரண்டு முள், அவ்வளவுதான். "மணி எப்படிம்மா பாக்கறது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பார்த்தாலே தெரியும், எண் எதற்கு என்றேன். தெரிந்தது. சுகன்யா பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அவளை விரட்டினேன். போன மாதம் ஒரு நாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு முள்ளும் இருந்தன, ஒன்று குட்டை, ஒன்று நீளம், இரண்டும் எங்கேயோ காட்டிக்கொண்டிருந்தன. எங்கே என்று புரியவில்லை. வெள்ளைச் சுவரில் ஒரு வெள்ளை வட்டம். ஏதோ பாஷையில் ஒருத்தர் என்னிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, பத்தே முக்கால் என்று தெரிந்தது. தலை சுற்றலாக இருக்கும், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அதிலிருந்து போனில்தான் மணி பார்க்கிறேன். அதில் எண் இருக்கிறது.

"ரஞ்சி, இங்க வா. இத பாரு, இது நல்லாருக்குது." அவர்தான், என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிடையர் ஆனவர். கடையின் மறுகோடியில், யாருமே போய் நிற்காத ஒரு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டுகிறார். போய்ப் பார்க்கிறேன். இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு, ஒன்றின் தலையில் சிவப்புப் பொட்டு, இன்னொன்றின் தலையில் நீலப் பொட்டு. "இதையா? ஹாஸ்டல் பாத்ரூம்ல மாட்டற குழாயாட்டம் இருக்குதுங்க." "பிடிக்கறதுக்கு வாகா இருக்குதில்ல? சுடுதண்ணி எது, பச்சைத்தண்ணி எதுன்னு தெரியுது." "தெரியறது பெரிசில்லைங்க. அழகுன்னு ஒண்ணு இருக்குதில்லைங்களா?" அவர் சிரிக்கிறார், ஆனால் அந்தக் குழாயின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. இந்த மனுஷனுக்கு இன்றைக்கு என்ன பிடித்திருக்கிறது? கல்யாணமான நாளிலிருந்து தன் சட்டையைக்கூடத் தானாக எடுத்தவரில்லை. நீ பாத்துச் சொல்லு, எனக்கென்ன தெரியும், இதுதான் எப்போதும். இன்றைக்கு உள்ளே நுழைந்ததிலிருந்து ஒவ்வொன்றுக்கும் குறுக்கே நிற்கிறார். கறுப்புக் கண்ணாடிப் பலகை மாதிரி இருக்கிற சுவிட்ச்சைப் பார்த்தேன், விரலை வைத்தால் விளக்கு எரியும், அவ்வளவு சுத்தமாக இருந்தது. வேண்டாம் என்றார். டக்கென்று சத்தம் வருகிற பழைய சுவிட்ச்தான் வேண்டுமாம். அடுப்பில் குமிழ் வேண்டுமாம். வயசானால் பிடிவாதம் வரும் என்பார்கள். வயசு எல்லாருக்கும்தான் ஆகிறது.

அலமாரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறாள் ஸ்டெல்லா. ஒரு அடுக்களையையே கட்டி வைத்திருக்கிறார்கள். முழுச் சுவரும் வெள்ளை. கதவு எது, சுவர் எது என்று தெரியாத வெள்ளை. நான் கனவு கண்டது இதைத்தான், சுகன்யா அனுப்பின படங்களில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது இதைத்தான். "ஹேண்டிலே கிடையாது மேடம். லேசாத் தொட்டாப் போதும்" என்று இடுப்பால் ஒரு தட்டு தட்டுகிறாள், ஒரு இழுப்பறை வெளியே வந்து நிற்கிறது. மூடுகிறாள், வெள்ளை. "நீங்க ட்ரை பண்ணுங்க மேடம்." எங்கே தட்டினாள்? இப்போதுதான் பார்த்தேன், இந்த உயரத்தில்தான். விரலை வைத்து அழுத்துகிறேன். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் தள்ளி அழுத்துகிறேன். "இன்னும் கொஞ்சம் லெஃப்ட் மேடம்." லெஃப்ட். அரிசி எதில் இருக்கும், பருப்பு எதில் இருக்கும், காலையில் எழுந்து வந்து இந்த வெள்ளைக்கு முன்னால் நின்றால் எதைத் தட்டுவேன். ஜல்லிக்கரண்டி எதில் இருக்கும். அந்த வார்த்தைதான், ஜல்லிக்கரண்டி, போன வாரம் வடை எண்ணெயில் வெந்துகொண்டிருக்கும்போது காணாமல் போனது. "அதை எடுங்க, அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே" என்றேன், அவர் எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தானாக வந்தது, ஜல்லிக்கரண்டி, ஜல்லிக்கரண்டி என்று வாய்விட்டுச் சொன்னேன். எல்லாருக்கும் மறக்கும். எதிர் வீட்டு டீச்சர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிறாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே தேடுகிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லையே.

தெய்வானை அக்காவுக்கும் முதலில் வார்த்தைதான் போனது. என் கூடப் பிறந்தவள், பொள்ளாச்சியில் மகன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு அப்போது என் இப்போதைய வயதைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். மகன் புதிதாக ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தான், அடுக்களைக்குள் நுழைந்ததும் நான்தான் முதலில் சொன்னேன், எவ்வளவு நீட்டா இருக்குது பாரேன் என்று. பிடி வெளியே தெரியாது, கதவின் ஓரத்தில் விரல் நுழைகிற மாதிரி உள்ளுக்குள் ஒரு பள்ளம், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். மத்தியானம் எல்லாரும் படுத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அக்கா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்து, மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தாள், மாட்டின் முதுகைத் தடவுகிற மாதிரி. அவசரமே இல்லை. கீழே வந்ததும் மறுபடி மேலே. "என்னக்கா?" என்றேன். திரும்பி, "பசிக்குது கண்ணு, இவங்க கதவத் திறக்க மாட்டேங்கறாங்க" என்றாள். எவங்க? நான் திறந்து விட்டேன். உள்ளேயிருந்து வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அந்த முகத்தை நினைக்கக் கூடாது. அது அவளுக்கு வந்த வியாதி. கூடப் பிறந்தவளுக்கு வந்தால் நமக்கும் வரும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது, எனக்கு இல்லை. என் உள்ளங்கை வெள்ளைக் கதவின் மேல் விரிந்து கிடக்கிறது. எடுத்துவிடுகிறேன். "மேடம்?" என்கிறாள் ஸ்டெல்லா. அவர் எங்கேயிருந்தோ வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். முந்தானை ஓரம் கையில் படுகிறது, ஈரமாக இருக்கிறது. எங்கே நனைந்தது? இங்கே மாட்டியிருக்கிற குழாய் ஒன்றிலும் தண்ணீர் வராது. தெரியவில்லை, ஏதோ. "டைல்ஸ் தூசி கையெல்லாம் ஒட்டிக்கிச்சு, கழுவிட்டு வர்றேன்" என்கிறேன். "நானும் வரட்டுமா?" என்கிறார். "கை கழுவறதுக்குமா துணை?" என்று கேட்டது எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்கிறது.

வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கிற மூலையில் வாஷ்பேசின் இருக்கிறது. சோப்பு பாட்டில் எனக்குத் தெரிந்த மாதிரி, தலையை அமுக்கினால் வருகிறது. இரண்டு கையிலும் நுரை. குழாயைப் பார்க்கிறேன். அதேதான், அந்தக் கறுப்பு, அந்த வளைவு. கையைக் கீழே நீட்டிப் பார்க்கிறேன், ஏர்போர்ட்டில் அப்படித்தான் வந்தது. வரவில்லை. ஆட்டிப் பார்க்கிறேன். மேலே அமுக்குகிறேன், அடியில் தடவுகிறேன், சுவரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன், தரையில் காலால் மிதிக்கிற மாதிரி ஏதாவது. இல்லை. இவ்வளவு பெரிய கடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் எனக்கு வராதா. கண்ணாடியில் ஒரு பொம்பளை தெரிகிறாள், நல்ல பருத்திப் புடவை, நானே பொறுக்கினது, இரண்டு கையையும் நுரையோடு முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நுரை காய ஆரம்பித்துவிட்டது, தோல் இழுக்கிறது. அவரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் தெரிந்துவிடும். முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விடலாம். பக்கத்தில் ஒரு பெண் வந்து நிற்கிறாள், முப்பது வயதிருக்கும், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்குகிறது. நகர்ந்து இடம் விடுகிறேன், அவள் எப்படித் திறக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு நானும் கழுவிவிடலாம். அவளும் கையை நீட்டுகிறாள். ஆட்டுகிறாள். மேலே அமுக்குகிறாள். "ஏங்க, இது எப்படிங்க திறக்கறது?" என்று என்னிடம் கேட்கிறாள். "எனக்கும் தெரியலைங்க" என்கிறேன். அதைச் சொல்ல எவ்வளவு சுகமாக இருக்கிறது. எனக்கும் தெரியலைங்க. "கை கழுவறதுக்கே கோச்சிங் கிளாஸ் போகணுமாட்ட இருக்குது!" என்று அவள் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைத் தட்டி, இழுத்து, கடைசியில் நான்தான், என் கைதான், அந்தத் தண்டையே பிடித்துப் பக்கவாட்டில் திருப்புகிறது. தண்ணீர் கொட்டுகிறது. "சூப்பர் ஆன்ட்டி!" என்கிறாள். குழாய்தான். நான் இல்லை, குழாய்தான். இவ்வளவு நாளும் எதை எதையோ நினைத்து ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தேனே. படித்த பெண், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள், அவளுக்கே தெரியவில்லை.

நடையே மாறிவிடுகிறது. அவர் வழியில் ஒரு சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். "உங்க பேச்சைக் கேட்டுக்கலாமான்னு இருக்குதுங்க" என்கிறேன், சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "அந்தக் கறுப்புக் குழாயை ஒருத்தராலும் திறக்க முடியாது. ஒரு பொண்ணு, ஐ.டி. கம்பெனிக்காரி, அவளே திருதிருன்னு முழிக்கறா. அப்புறம் நான்தான் கண்டுபிடிச்சேன், அந்தத் தண்டையே திருப்பணுமாம். பாத்தீங்களா கூத்தை?" அவர் சிரிக்கவில்லை. என் முந்தானையைப் பார்க்கிறார். வேறெங்கோ பார்க்கிறார். "ஆமாமா" என்கிறார். அந்த ஆமாமா சரியாக இல்லை. "என்னங்க?" "ஒண்ணுமில்ல." "சொல்லுங்க." "ரஞ்சி, வந்ததும் காபி குடுத்தாங்கல்ல. உன் சீலையில கொட்டிருச்சு. நாம அங்க போய்த்தான் கழுவினோம். நான்தான் அந்தக் குழாயைத் திருப்பிக் காமிச்சேன். பம்ப் கம்பெனிக்காரருக்கு இதுகூடத் தெரியாதான்னு நீ சிரிச்சே." காபி. தேடுகிறேன். காரை நிறுத்தினது இருக்கிறது, வாசலில் கால் துடைக்கிற மிதியடி இருந்தது இருக்கிறது, அப்புறம் நேராக அந்தக் கறுப்புக் கண்ணாடி சுவிட்ச்தான் இருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. இருட்டு இருந்தால்கூட இங்கே ஏதோ இருந்தது என்று தெரியும். இருட்டுகூட இல்லை, இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான் சிரித்தேனாம். முந்தானை மட்டும் ஈரம்.

விற்பனைக்கு வைத்திருக்கிற நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன், அவரும் எதிரே உட்காருகிறார், நடுவில் யாரோ சாப்பிடப் போகிற மாதிரி தட்டும் டம்ளரும் அடுக்கியிருக்கிறது. "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்கிறார். "எவ்வளவு நாளாத் தெரியும்?" அவர் எதிரே இருக்கிற தட்டைப் பார்க்கிறார். "எவ்வளவு நாளாங்க?" "ஆடி மாசம் நீ மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்தியே. நம்ம தெரு முக்குல நின்னுட்டு இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்காப் பாத்துட்டு இருந்தே. நான் டீக்கடையில இருந்து பாத்துட்டே இருந்தேன். அப்புறம் ரோட்டைத் தாண்டி வந்து, அட நீயும் இங்கதான் இருக்கறியான்னு கேட்டேன்." அது ஞாபகம் இருக்கிறது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. நல்ல வேளையாக இவர் எதிரே வந்தார் என்று நினைத்துக்கொண்டு, வெயிலைப் பற்றி எதையோ பேசிக்கொண்டு கூடவே நடந்தேன். அவர் தற்செயலாக எதிரே வரவில்லையா. அப்படியானால் அந்தச் சிவப்புப் பொட்டும் நீலப் பொட்டும், டக்கென்று சத்தம் வருகிற சுவிட்ச்சும், குமிழ் வைத்த அடுப்பும். இவருக்கு ரசனையே கிடையாது என்று காலையிலிருந்து மனசுக்குள் எவ்வளவு இளக்காரமாகப் பேசிவிட்டேன். கோபம் வருகிறது. "என்னைக் கேக்காம என்னைப் பத்தி நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா? சுகன்யாவுக்குத் தெரியுமா?" "தெரியும். வர்ற வாரம் வர்றேன்னு சொல்லியிருக்கா. டாக்டரைப் பாக்கலாம் ரஞ்சி. வைட்டமின் குறைஞ்சாலும் இப்படி ஆகுமாம், தைராய்டுனாலும் ஆகுமாம். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம்." "எங்கக்காவுக்கு வந்ததாவும் இருக்கலாம்." இவ்வளவு நாள் வாய்க்குள்ளேயே கிடந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை. யாரோ ஒருத்தர் எங்களுக்குப் பின்னால் ஒரு சோபாவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார். "இருக்கலாம்" என்கிறார் அவர். அவர் கை மேஜை மேல் இருக்கிறது, இரும்பு பிடித்துக் காய்த்த கை, காலி டம்ளரை நகர்த்துகிறது, மறுபடி இருந்த இடத்திலேயே வைக்கிறது. இந்த மனுஷன் இதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தனியாக டீக்கடையில் உட்கார்ந்திருந்தாரோ. நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்தேன்.

ஸ்டெல்லா தள்ளி நிற்கிறாள், எங்களைப் பார்க்காத மாதிரி ஒரு துணியால் எதையோ துடைத்துக்கொண்டு. எழுந்துகொள்கிறேன். "வீட்டுக்குப் போயிரலாமா? இன்னொரு நாள் வரலாம்" என்கிறார். இன்னொரு நாள் நான் எப்படி இருப்பேனோ. "வேண்டாங்க. இன்னைக்கே முடிச்சிரலாம். ஆனா உங்க ஹாஸ்டல் குழாய் மட்டும் ஆகாது. திருகு இருக்கறதுலயே கண்ணுக்கு நல்லதா ஒண்ணு இருக்கும், நானே பாக்கறேன்." அவர் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்து வராமல் நிற்கிறது. அடுப்பு, குமிழோடு. சுவிட்ச், சத்தத்தோடு, ஆனால் பழுப்பு வெள்ளை வேண்டாம், சுத்தமான வெள்ளை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா போனில் படம் எடுத்துக்கொண்டு வருகிறாள். சொல்லும்போதெல்லாம் உள்ளே ஒரு குரல், இதில் எது நாளைக்கு ஞாபகம் இருக்கும், எது இருக்காது என்று எண்ணிக்கொண்டே கூட வருகிறது. வரட்டும். கடைசியில் அலமாரிக் கதவு. அந்த வெள்ளைச் சுவரை ஒரு தடவை நின்று பார்க்கிறேன். அழகு. அது அழகில்லை என்று பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "கண்ணாடிக் கதவு இருக்குதுங்களா?" என்று கேட்கிறேன். "எல்லாக் கதவுக்கும். சாதாரணக் கண்ணாடி. பனி படிஞ்சாப்பல இருக்கறது வேண்டாம்." ஸ்டெல்லா தயங்குகிறாள். "இருக்கு மேடம். ஆனா இப்ப யாரும் அதைப் போடறதில்ல. உள்ள இருக்கறது எல்லாமே வெளிய தெரியும். கொஞ்சம் கலைஞ்சு கிடந்தாக்கூட வர்றவங்க பாத்துருவாங்க." அவர் வாயைத் திறக்கிறார், என்னவோ சமாதானம் சொல்லப் போகிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"தெரியட்டும்" என்கிறேன்.